மறு: ரத்தக்குழாயின் உள்ளடுக்குக்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

ரத்தக்குழாயின் உள்ளடுக்கான எண்டோதீலியத்துக்குத் தமிழில் ஒரு சொல் கேட்டிருந்தேன். "எண்டோதீலியம் என்றே எழுதிவிடலாமே" என்று கேட்ட நண்பருக்கு முதலில் பதில் சொல்கிறேன். இன்சுலினை அப்படியேதான் எழுதுகிறோம், அதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் இந்தச் சொல் எனக்கு வேண்டியிருப்பது, ரத்தக்குழாய் ஆய்வில் சேருகிறவர் கையெழுத்துப் போடுமுன் படிக்கும் விளக்கத்தாளுக்கு. முதல் வரைவைக் கோத்தகிரியில் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். இருபது வருடமாகத் தேயிலை பறிக்கிறவர். அந்த அடுக்கு சரியாக வேலை செய்யாததற்கு நான் போட்டிருந்த "உள்வரிச் செயலிழப்பு" வந்ததும் நிறுத்தச் சொன்னார். "வரின்னா வீட்டு வரியா? எது செயலிழந்துபோச்சு, கிட்னியா?" இரண்டும் நியாயமான கேள்வி. செயலிழப்பு என்றால் நம் ஊரில் மனசு நேரே டயாலிசிஸுக்குப் போய்விடுகிறது.

மூலச்சொல்லைப் பிரித்துப் பெயர்ப்பதிலும் பயன் இல்லை. கிரேக்கத்தில் அது 'உள்ளே', 'முலைக்காம்பு' என்ற இரண்டின் சேர்க்கை. குழாயைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை. அதனால் பொருளைப் பார்த்தே பெயர் வைப்போம்.

பொருள் என்ன? குழாயின் உட்புறம் முழுக்க ஒற்றை வரிசையாக ஒட்டி நிற்கும் செல்கள். வெறும் பூச்சு என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1980இல் அமெரிக்க மருந்தியலாளர் ராபர்ட் பர்ச்காட் முயலின் பெருந்தமனித் துண்டுகளை வைத்துக் காட்டினார்: உட்புறம் உரசப்படாமல் இருந்தால் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் பட்டதும் துண்டு இளகுகிறது, உரசிப் போயிருந்தால் இளகுவதில்லை. அந்தச் செல்கள் விடும் நைட்ரிக் ஆக்சைடுதான் இளகச் சொல்லும் தூது என்று பிறகு தெரிந்தது. 1998இல் அவருக்கும் இக்னாரோ, முராட் என்ற இரு ஆய்வாளர்களுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே படலம், சவ்வு, பூச்சு எதுவும் எனக்கு ஒப்பவில்லை. அவை சும்மா கிடக்கும் பொருளின் பெயர்கள்.

என் பரிந்துரை அகவணி. அகத்தே அணியாக நிற்பது.

அடுத்தது, அகவணி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் சோதனையின் பெயர். மேற்கையிலோ முன்கையிலோ பட்டையை இறுக்கி ஐந்து நிமிடம் ரத்தத்தை நிறுத்துகிறோம். அவிழ்த்ததும் ரத்தம் பாய்ந்து வரும். அந்த வேகத்தை அகவணி உணர்ந்து தமனியை விரிக்கும். அதை அல்ட்ராசவுண்டில் அளக்கிறோம். மூன்று நான்கு மில்லிமீட்டர் குழாய் கால் மில்லிமீட்டர் விரிந்தாலே நல்ல விரிவு. புகைபிடிப்பவர்களுக்கு அதுவும் குறைகிறது, நெஞ்சுவலி வருவதற்குப் பல வருடம் முன்பே. குளிரிலும் குழாய் சுருங்கும் என்பதால், ஜனவரி உறைபனியில் விறைத்த விரல்களோடு வருகிறவரைக் கதகதப்பான அறையில் படுக்கவைத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். அதற்குமுன் டீயும் கூடாது. நீலகிரியில் அதைச் சொல்லிப் புரியவைக்கத் தனிப் பத்தி எழுதியிருக்கிறேன். 'ஓட்டவிரிவு' போதுமா? செயலிழப்புக்குப் பதில் 'அகவணித் தளர்ச்சி' என்று போட்டிருக்கிறேன்.

—

வணக்கம். கூடலூரிலிருந்து எழுதுகிறேன்.

அகவணிக்கு என் முழு ஆதரவு. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம் எங்களுடையது. அப்பா அங்கே படித்தவர். திசுவை இன்றைக்கும் இழையம் என்பார், உடலின் மேற்பரப்புகளை மூடும் செல்லடுக்கான எபிதீலியத்தை மேலணி என்பார். மேலணிக்கு அகவணி நல்ல ஜோடி. ஓட்டவிரிவும் சரி.

தளர்ச்சி மட்டும் வேண்டாம், தயவுசெய்து. குழாய் தளராததுதானே அங்கே கோளாறு? தளர்ச்சி என்றால் பொருள் தலைகீழாகிவிடும். 'நலிவு' என்று வையுங்கள். நலிந்தது தேறும். புகையை விட்டால், உடற்பயிற்சி செய்தால் இதுவும் தேறக்கூடியதுதானே.

—

ஐயா, தளர்ச்சியை எடுத்துவிட்டேன். நானே பார்த்திருக்க வேண்டியது. நேற்று மாலை அக்காவிடம் திருத்திய வரியைப் படித்தேன்:

"உங்கள் ரத்தக்குழாயின் உள்ளே வரிசையாக நிற்கும் செல்களுக்கு அகவணி என்று பெயர். அது நலிந்திருக்கிறதா என்று ஓட்டவிரிவுச் சோதனையில் பார்ப்போம்."

"நலிஞ்சிருந்தா என்ன செய்யணும்?" என்று கேட்டார். தாளில் அதற்குப் பதில் இல்லை. இன்று இரவு எழுதிச் சேர்த்து அனுப்புகிறேன்.