அம்மா வீட்டு அடுப்பு

(குடும்ப அரட்டைக் குழு, சுங்கை சிப்புட், மலேசியா)

கலா: படம் போட்டிருக்கிறேன், பாருங்கள். அம்மாவின் விறகடுப்பில் இடது வாய் உள்ளே பிளந்துவிட்டது. கீழே இருக்கும் கம்பியும் தொய்ந்து கிடக்கிறது. காலையில் வெந்நீர் வைத்தபோது புகை முழுக்க வீட்டுக்குள்தான்.

குமரன்: இடித்துவிடலாம். நான் கேஸ் அடுப்பு வாங்கி வருகிறேன். 14 கிலோ தோம்பு 26 வெள்ளி 60 காசுதானே. விறகுக்கு அலைய வேண்டாம்.

அம்மா: கேஸ் அடுப்பு இருக்கிறது குமரா. நீ வாங்கித் தந்ததுதான்.

முகிலன்: தீபாவளிக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. கேஸில் சுட்ட அதிரசத்தை யார் சாப்பிடுவது?

கலா: நீ சாப்பிட மட்டும்தான் வருவாய். சும்மா இரு.

குமரன்: சரி, விறகடுப்புதான் வேண்டுமென்றால் புதிதாகப் போடுவோம். இங்கே ஷா ஆலாமில் ஒரு வெல்டிங் கடையில் கேட்டேன். இரும்பு அடுப்பு, புகைக்குழாயோடு 850 வெள்ளி.

செல்வம் மாமா: வாங்குவது இருக்கட்டும். எது கெட்டிருக்கிறது என்று யாராவது பார்த்தீர்களா? கலா, இரவில் விளக்கை அணைத்துவிட்டு அடுப்புக்குள் டார்ச்சை வை. வெளியே வெளிச்சம் கசிந்தால் பிளவு சுவரை ஊடுருவிவிட்டது. கசியாவிட்டால் பூச்சு மட்டும் விட்டிருக்கிறது.

கலா: பார்த்துவிட்டேன் மாமா. இடது பக்கம் ஒரே இடத்தில் ஊசி நுழையும் அளவுக்கு வெளிச்சம். பின்சுவர் நன்றாக இருக்கிறது. ஆனால் புகைக்குழாயைத் தட்டினால் கரி கொட்டுகிறது, ஐஸ்கிரீம் டப்பா நிறைந்துவிட்டது. உள்ளே பளபளவென்று தார் மாதிரி ஒட்டியிருக்கிறது.

செல்வம் மாமா: அப்படியானால் புகைக்குக் காரணம் பிளவு இல்லை, குழாய் அடைப்பு. அக்கா, விறகு எங்கே வாங்கினீர்கள்?

அம்மா: பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மறுநடவுக்குப் பால்மரம் சாய்த்தார்கள். போன மாதம் ஒரு லோரி இறக்கினோம். மலிவாகக் கிடைத்தது தம்பி.

செல்வம் மாமா: மலிவாகத்தான் கிடைக்கும், அது பச்சை விறகு. புதிதாக வெட்டிய மரத்தில் பாதி எடைக்குக் கிட்டத் தண்ணீர்தான். தீயின் சூடு அதை உலர்த்தவே போய்விடும், மிச்சம் புகையும் தாரும். அதுதான் குழாயில் ஒட்டியிருக்கிறது. பிளந்து, மழை படாமல், தரையில் படாமல் அடுக்கி ஆறு மாதமாவது விட வேண்டும். பால்மரத்தில் மாவுச்சத்து அதிகம். உருட்டுக்கட்டையாகவே போட்டு வைத்தால் பூச்சி துளைத்து மாவு மாவாகக் கொட்டும். இந்த விறகுக்கு 850 வெள்ளி அடுப்பும் இதே புகையைத்தான் விடும்.

கலா: பின்னால் பழைய அலமாரிப் பலகை கிடக்கிறது. தீபாவளி வரை அதை எரிக்கலாமா?

செல்வம் மாமா: பெயிண்ட் அடித்ததையும் பிளைவுட்டையும் எரிக்காதே, நச்சுப் புகை. காய்ந்த விறகு கொஞ்சம் கட்டாக வாங்கிக்கொள்.

குமரன்: அப்போது பிளவுக்குச் சிமெண்ட் பூசிவிடவா மாமா?

செல்வம் மாமா: அடுப்பு வாயில் சிமெண்டா? சூட்டில் அதற்குள் பிணைந்திருக்கும் தண்ணீர் வெளியேறி, பொரிந்து உதிர்ந்துவிடும். களிமண் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு, கொஞ்சம் உமி. வெறும் களிமண் காயும்போது சுருங்கிப் பிளக்கும், அதற்குத்தான் மணல். பூசுவதற்கு முன் பழைய இடத்தைச் சுரண்டி நன்றாக நனைக்க வேண்டும். காய்ந்த சுவர் ஈரத்தை இழுத்துக்கொண்டால் புதுப்பூச்சு ஒட்டாது, அப்பளம் மாதிரி உரிந்து வரும். பிறகு ஒரு வாரம் பத்து நாள் நிழலில் காய வேண்டும். முதலில் சின்னத் தீதான். இப்போது சாயங்கால மழை வேறு, சனிக்கிழமையே ஆரம்பித்துவிடுவது நல்லது.

அம்மா: சாணமும் சேர்க்க வேண்டும். தோட்டத்து லய வீட்டில் நம் அம்மா அப்படித்தான் மெழுகுவார்.

செல்வம் மாமா: சேர்க்கலாம் அக்கா. கம்பியைத் தடித்த இரும்பில் வெட்டி வாங்குங்கள். துத்தநாகம் பூசிய கம்பி வேண்டாம், சூட்டில் அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது.

மாலினி: நான் ஒன்று சொல்லட்டுமா? அடுப்பைச் சரி செய்தாலும் அத்தைக்கு இளைப்பு இருக்கிறது. தினச் சமையல் கேஸிலேயே இருக்கட்டும். விறகு வெந்நீருக்கும் பண்டிகைக்கும் போதும்.

அம்மா: வெந்நீர், பண்டிகை, மீன் குழம்பு.

மாலினி: மீன் குழம்பு வாரத்துக்கு ஒரு தடவை, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. சரியா அத்தை?

அம்மா: சரி.

(இவ்வளவு சீக்கிரம் அம்மா ஒத்துக்கொண்டு இதுவரை நான் பார்த்ததில்லை. – கலா)

குமரன்: சனிக்கிழமை வருகிறேன். குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்வது என் வேலை. கூரையில் சேரும் இடத்தில் துருப்பிடித்திருந்தால் அந்தத் துண்டை மட்டும் மாற்றிவிடலாம்.

செல்வம் மாமா: முதல் நாளே அடுப்பை மூட்டாமல் விடுங்கள். முகமூடி போட்டுக்கொள்.

அம்மா: லோரி விறகு முழுக்கப் பிளக்க வேண்டுமே, யார் செய்வது?

குமரன்: முகிலன்.

முகிலன்: சனிக்கிழமை எனக்கு ஷிஃப்ட்.

கலா: உன் ஷிஃப்ட் அட்டவணையை இந்தக் குழுவில்தான் போட்டிருக்கிறாய். சனிக்கிழமை ஓய்வு.