கடவுச்சொல்லும் கடவுத்தொடரும்: வீட்டு வைஃபைக்கு இரண்டு சொற்கள் தேவை

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். வீட்டுத் திசைவியின் (ரவுட்டர்) அமைப்புப் பக்கங்களைத் தமிழாக்கும்போது ‘பாஸ்வேர்டு’, ‘பாஸ்ஃபிரேஸ்’ இரண்டையும் ‘கடவுச்சொல்’ என்றே எழுதிவிடலாம், பயனர் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார் என்று நம் தமிழாக்கக் குழுவில் ஒரு கருத்து முன்வைக்கப்பட்டிருக்கிறது. அதை என்னால் ஏற்க இயலவில்லை. வைஃபையில் இணைவதற்காகத் தட்டச்சிடும் மறைவான வரிக்குக் ‘கடவுத்தொடர்’ என்ற சொல்லை முன்மொழிகிறேன்.

அண்மையில் என் பெரியம்மா, தம் இணைப்பை வேறு யாரோ பயன்படுத்துகிறார்கள் என்று ஐயப்பட்டு, யார் உதவியும் இல்லாமல் தாமே திசைவிக்குள் சென்று கடவுச்சொல்லை மாற்றியிருந்தார். மாற்றிய பிறகும், இணைந்துள்ள கருவிகளின் பட்டியலில் அவருக்குத் தெரியாத இரண்டு கைபேசிகள் அப்படியே இருந்தன. நான் திறந்து பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது: அவர் மாற்றியது அமைப்புப் பக்கத்துக்குள் நுழைவதற்கான கடவுச்சொல்லை; வைஃபைக்கு உரியது தொடப்படவே இல்லை. திரையில் இரண்டு கட்டங்களின் மேலும் ‘கடவுச்சொல்’ என்றே எழுதியிருந்தது. அவர் ஒவ்வொரு சொல்லையும் ஒழுங்காகப் படித்துத்தான் செய்திருக்கிறார். பிழை அவருடையதன்று, அந்தத் திரையைத் தமிழாக்கியவருடையது.

இந்த இரண்டும் பெயரளவில் மட்டும் வேறுபட்டவை அல்ல. நிர்வாகப் பக்கத்தின் கடவுச்சொல், ஏற்கெனவே பிணையத்துக்குள் (நெட்வொர்க்) இருப்பவரைத் திசைவியின் அமைப்புகளுக்குள் விடுவதா வேண்டாமா என்பதை முடிவு செய்கிறது. அவ்வளவே அதன் வேலை. வைஃபைக்கு இடுவதோ, தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் மறையாக்கத்துக்கான மூலப்பொருள். டபிள்யூ.பி.ஏ.2 என்னும் வைஃபை பாதுகாப்பு முறையில் நாம் இடும் வரியையும் பிணையத்தின் பெயரையும் சேர்த்து, 4096 முறை திரும்பத் திரும்பக் கணித்து, 256 பிட் நீளமுள்ள திறவுகோல் ஒன்று ஆக்கப்படுகிறது. ஒவ்வொரு கருவியும் திசைவியுடன் பேசுவதற்கான திறவுகோல்கள் அதிலிருந்தே பிறக்கின்றன. கருவியும் திசைவியும் இணையும் நேரத்தில் பரிமாறிக்கொள்ளும் நான்கு செய்திகளை, அலை எட்டும் தொலைவில் இருக்கும் எவரும் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு செய்தவர் அதைத் தம் இடத்துக்குக் கொண்டுபோய், அகராதியில் உள்ள சொற்களை ஒவ்வொன்றாக இட்டு, எது பொருந்துகிறது என்று சோதித்துக்கொண்டே இருக்கலாம். மூன்று முறை தவறினால் கதவை அடைக்கும் ஏற்பாடு அங்கே கிடையாது. 4096 சுற்றுகள் அவரைத் தாமதப்படுத்தும், ஆனால் ஒற்றைச் சொல்லைக் காப்பாற்றா.

‘சொல்’ என்ற பெயரே பயனரை ஏமாற்றுகிறது என்று நான் கருதுவது இதனால்தான். சொல் ஒன்றைக் கேட்டால் மனிதர் ஒரு சொல்லைத்தான் தருவார். பிள்ளையின் பெயரையும் பிறந்த ஆண்டையும் ஒட்டிவைப்பார். தொடர் ஒன்றைக் கேட்டால் நான்கைந்து சொற்களைப் பற்றி யோசிப்பார். டபிள்யூ.பி.ஏ.2 தரநிலை இதற்கு 8 முதல் 63 வரையிலான வரியுருக்களை (எழுத்து, எண், குறி) ஏற்கிறது, இடைவெளியும் அதில் அடங்கும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐந்தாறு சொற்களை இடைவெளி விட்டு எழுத அந்த நீளம் தாராளமாகப் போதும். இங்கே ஒரு வருத்தத்தையும் சொல்லியாக வேண்டும்: அந்த வரியுருக்கள் ஆங்கில எழுத்துகளும் எண்களும் குறிகளும் அடங்கிய ஆஸ்கி தொகுதிக்குள் மட்டுமே இருக்க முடியும் என்பதால், தமிழ்ச் சொற்களைத் தேர்ந்தாலும் அவற்றை ரோமன் எழுத்தில்தான் இட வேண்டும். கட்டத்தின் கீழே இதை ஒரு வரியில் சொல்லிவிடுவது நம் கடமை. இல்லாவிட்டால், தமிழில் தட்டச்சிட்டுப் பார்த்தவர் ஏன் ஏற்கப்படவில்லை என்று அறியாமல் கடைசியில் எட்டு எண்களை இட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்.

இனி, பிற பரிந்துரைகளுக்கு வருகிறேன். ‘பாதுகாப்பு விசை’ என்பது எனக்கு உடன்பாடில்லை. விசை என்றால் நம் வாசகருக்கு விசைப்பலகையின் பொத்தான்தான் முதலில் நினைவுக்கு வரும். அதோடு, நாம் இடும் வரி வேறு, அதிலிருந்து கணிக்கப்படும் திறவுகோல் வேறு என்ற வேறுபாடும் மறைந்துபோகும். ‘மறைத்தொடர்’ அழகான சொல்தான். ஆனால் மறையாக்கம், மறைக்கப்பட்ட பிணையம் ஆகியவை இருக்கும் அதே பக்கத்தில் மூன்றாவதாக ஒரு ‘மறை’ வந்து நின்றால் பயனர் எதை எதனோடு பொருத்துவார்? ‘கடவுச்சொற்றொடர்’ பொருளளவில் குறையற்றது. ஒன்பது எழுத்துகள் என்பதுதான் தடை. கைபேசித் திரையில் சிறிய கட்டத்தின் மேல் அது பாதியில் வெட்டுப்படும். ‘கடவுத்தொடர்’ ஏழு எழுத்துகளில் முடிகிறது, கடவுச்சொல்லை விட ஓர் எழுத்தே கூடுதல். கடவுச்சீட்டு, கடவுச்சொல் என்று நாம் ஏற்கெனவே பழகிய வரிசையிலும் அது இயல்பாக அமர்கிறது.

நிர்வாகப் பக்கத்துக்கு உரியதைக் ‘கடவுச்சொல்’ என்று தனியாக விடாமல், எல்லா இடங்களிலும் ‘நிர்வாகக் கடவுச்சொல்’ என்றே எழுத வேண்டுகிறேன். அது தொழிற்சாலையில் வைத்த நிலையிலேயே பல வீடுகளில் கிடக்கிறது. வலுவான கடவுத்தொடரை வைத்தவர்கூட அதை விருந்தினருக்குக் கொடுத்த அந்த நொடியே, மாற்றப்படாத நிர்வாகக் கடவுச்சொல்லின் வழியாகத் திசைவி முழுவதையும் அவர் கையில் கொடுத்தவராகிறார்.

டபிள்யூ.பி.ஏ.2-க்கு அடுத்து 2018இல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 முறையில் பதிவு செய்துகொண்டுபோய்ச் சோதிக்கும் வழி அடைக்கப்பட்டுவிட்டதே, ஒவ்வோர் ஊகத்துக்கும் திசைவியோடு நேரில் பேசியாக வேண்டுமே, பிறகு எதற்குப் புதுச்சொல் என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் பழைய கருவிகளுக்காக இரண்டு முறைகளையும் ஒருசேர ஏற்கும் கலப்பு நிலையில் திசைவி இருக்கும்வரை, பழைய முறையில் இணையும் ஒரு கருவியே போதும், அதே வரி பழைய ஆபத்துக்கு உள்ளாகும். முழுவதும் புதிய முறைக்கு மாறிவிட்ட வீட்டிலும், எதை மாற்றினால் எது நடக்கும் என்ற என் பெரியம்மாவின் குழப்பம் தீராது.

சொல்லை வாக்கியத்தில் இட்டுப் பார்ப்பதே அதற்கான சோதனை என்பதால், இரண்டு அறிவிப்புகளை எழுதிப் பார்த்தேன்: “கடவுத்தொடரை மாற்றினால், இணைந்துள்ள எல்லாக் கருவிகளும் துண்டிக்கப்படும், புதிய தொடரை ஒவ்வொன்றிலும் இட வேண்டும்.” “நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றினால், வைஃபை இணைப்புகள் துண்டிக்கப்படமாட்டா.” இவற்றை உரக்கப் படித்தபோது எனக்கு எங்கும் இடறவில்லை.

இடறிய இடம் ஒன்றே ஒன்று. அடுத்த படிக்குச் செல்லும் பொத்தானில் நாம் ‘தொடர்’ என்று எழுதியிருக்கிறோம். ‘கடவுத்தொடர்’ என்ற கட்டத்துக்கு நேர்கீழே ‘தொடர்’ என்ற பொத்தான் நின்றால், அதைத் தொடரை இடச் சொல்லும் குறிப்பாகச் சிலர் படிக்கக்கூடும். அந்தப் பொத்தானை மட்டும் ‘அடுத்து’ என்று மாற்றலாமா, அல்லது வியங்கோளாக்கித் ‘தொடர்க’ என்று வைக்கலாமா? எனக்கு முன்னதே சரி என்று படுகிறது. மாற்றுக் கருத்து இருப்பவர்கள் தெரிவித்தால், இரண்டு வடிவங்களையும் கைபேசித் திரையில் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்.