கணினியுடன் ஆடும்போது டிராவை யார் ஒப்புக்கொள்வது?

பாலக்கோடு வாசகர்: தருமபுரியில் எங்கள் சதுரங்க மன்றத்தில் மாணவர்களைக் கணினி நிரலுடன் ஆடவைக்க எண்ணியுள்ளோம். மாணவர் டிரா கேட்டால், கணினியின் சார்பில் பதில் சொல்லும் உரிமை யாருக்கு?

அரூர் நடுவர்: உலக சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி, ஒருவர் தம் காயை நகர்த்திய பின், கடிகாரத்தை அழுத்துமுன் டிரா கேட்க வேண்டும். கணினி பேசாது என்பதால், பெரிய போட்டிகளில் நிரலை உருவாக்கிய குழுவினரே அதன் சார்பில் முடிவெடுத்திருக்கிறார்கள். 2003இல் நியூயார்க்கில் முன்னாள் உலகச் சாம்பியன் காஸ்பரோவ் டீப் ஜூனியர் என்ற சதுரங்க நிரலுடன் ஆடிய கடைசி ஆட்டத்தில், அவர் கேட்ட டிராவை முதலில் மறுத்த குழு, சில நகர்த்தல்களுக்குப் பின் தானே டிரா கேட்க, அவர் ஏற்றார். போட்டி 3-3 என முடிந்தது. நிலையை மதிப்பிட்டது இயந்திரம், டிராவைப் பேசியதோ மனிதர்கள் என்பது எனக்கு இன்றும் நெருடுகிறது. ஆகவே, நிரலின் மதிப்பீடு தொடர்ந்து எத்தனை நகர்த்தல்களுக்குச் சுழியத்தை ஒட்டி, அதாவது இருவருக்கும் சமம் என்று, நின்றால் டிரா ஏற்கப்படும் என்பதை முன்கூட்டியே எழுதிவையுங்கள். கணினியை இயக்குபவரின் விருப்பத்துக்கு விடாதீர்கள்.

பாலக்கோடு வாசகர்: நன்றி ஐயா. ஒரே நிலை மூன்று முறை வந்தால்?

அரூர் நடுவர்: அதற்கு எவர் சம்மதமும் தேவையில்லை, மாணவர் கடிகாரத்தை நிறுத்தி நடுவரிடம் கோரலாம். காய் வெட்டோ சிப்பாய் நகர்வோ இன்றி இருவரும் தலா 50 நகர்த்தல்கள் ஆடியிருந்தாலும் அவ்வாறே.

காரிமங்கலம் பயிற்சியாளர்: ஏழு காய்களுக்குள் சுருங்கிய நிலை எனில் அத்தகைய நிலைகளின் முடிவை முன்பே கணக்கிட்டு வைத்துள்ள முடிவாட்ட அட்டவணையே விடை சொல்லிவிடும். ஆனால் சிறுவர்கள் அந்நிலையையும் ஆடியே முடிக்கட்டும்.