உள்ள என்ன தேயுதுன்னு தெரிஞ்சுக்க என்ஜின் ஆயிலை லேபுக்கு அனுப்பினவங்க யாராவது இருக்கீங்களா? அனுபவம் சொல்லுங்க

குவாரிரோடு:
லட்சம் கிலோமீட்டர் தாண்டின டீசல் வண்டி. ரிப்போர்ட்ல சிலிக்கான் (மண்ணு, தூசில இருக்கிறது) 60 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல 60 பங்கு) மேல, கூடவே இரும்பும் அலுமினியமும் எகிறியிருக்கு. ஏர் ஃபில்டர் போன சர்வீஸ்லதானே மாத்தினாங்கன்னு பாக்ஸைத் திறந்தேன். ஃபில்டரைத் தாண்டி, டர்போவுக்குப் போற ஹோஸுக்குள்ள விரலை விட்டா வெள்ளையா மாவு மாதிரி கிரஷர் தூசி. பல்லுல வச்சா நறநறங்குது. மூடியில ஒரு கிளிப்பை மாட்டவே இல்லை. எத்தனை மாசமா இப்படியே ஓடிச்சோ, நினைச்சா வயித்தைக் கலக்குது.

லோடுவண்டி:
சிலிக்கான்னாலே தூசின்னு முடிவு கட்டாதீங்க. சம்ப்பைக் (என்ஜின் அடியில இருக்கிற ஆயில் தொட்டி) கழட்டி சீலன்ட் பசை போட்டிருந்தாலும் ஏறும். உங்களுக்குத் தேய்ஞ்ச இரும்பும் சேர்ந்து ஏறியிருக்கு, அதனால தூசின்னு ஒத்துக்கறேன். ஆனா ரிப்போர்ட்டையே வேதவாக்கா எடுத்துக்கக் கூடாது. பத்து மைக்ரானுக்கு மேல இருக்கிற துகள், லேப்ல உலோகத்தை அளக்கிற ஸ்பெக்ட்ரோமீட்டர்ல சரியா சிக்காது. எங்க லாரிக்கு எல்லாம் நார்மல்னு பேப்பர் வந்துச்சு. அதே வாரம் ஆயில் ஃபில்டரை அறுத்தா மடிப்புக்குள்ள மினுமினுன்னு பேரிங் செதில்!

குவாரிரோடு:
சீலன்ட்லாம் யாரும் தொடலைங்க.

டவுன்பஸ்63:
லேப் எதுக்கு? என்னோடது பிஎஸ்6 டீசல், ஊருக்குள்ளயேதான் ஓட்டம். டிப்ஸ்டிக்ல ஆயில் மேக்ஸ் கோட்டுக்கு மேல ஒரு விரக்கடை நிக்குது. மோந்து பார்த்தா டீசல் நாத்தம். டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கிற ஃபில்டர்) ரீஜென், அதாவது அந்தக் கரியை எரிச்சு சுத்தம் பண்றது, பாதியிலயே நின்னு நின்னு டீசல் கீழ ஆயில்ல இறங்கியிருக்கு. சர்வீஸ் சென்டர்ல கேட்டா "ஆயில் ஜாஸ்தி ஊத்திட்டாங்க போல சார்"ங்கறான்.

பழையகார்பிரியன்:
செகண்ட் ஹேண்ட் வாங்கப் போனப்போ, டிப்ஸ்டிக் குழாய் வழியா சிரிஞ்சுல கொஞ்சம் ஆயில் எடுத்துக்கட்டுமான்னு ஓனர்கிட்ட கேட்டேன். "வண்டி இப்ப விக்கிறதா இல்லை தம்பி"ன்னு பானெட்டை மூடிட்டார். எனக்கு அதுவே ரிப்போர்ட்.

அனுப்பறவங்க கவனிங்க. என்ஜின் சூடா இருக்கும்போதே எடுங்க. டிரெய்ன் போல்ட் வழியா எடுத்தா முதல்ல வர்றதை விட்டுட்டு நடுவுல பிடிங்க. லேப் குடுக்கிற பாட்டில்லயே பிடிங்க, தண்ணி பாட்டில் வேண்டாம். அந்த ஆயில் எத்தனை கிலோமீட்டர் ஓடிச்சு, இடையில எவ்வளவு டாப்-அப் பண்ணீங்கன்னு எழுதிக் குடுங்க, இல்லன்னா அந்த நம்பருக்கு அர்த்தமே கிடையாது. சோடியம், பொட்டாசியம் ஏறினா கூலன்ட் கலக்குதுன்னு சந்தேகப்படுங்க, ஹெட் கேஸ்கெட்டை (என்ஜின் ஹெட்டுக்கு அடியில இருக்கிற சீல்) பார்க்கச் சொல்லுங்க. காப்பர், லெட் (ஈயம்) ரெண்டும் ஏறினா பேரிங் தேயுதுன்னு சந்தேகப்படுங்க. ஒரே ரிப்போர்ட்டை வச்சு என்ஜினைப் பிரிச்சுடாதீங்க, அடுத்த ஆயில் சேஞ்சுக்கும் அனுப்பி ரெண்டையும் ஒப்பிட்டுப் பாருங்க. வாரன்டியில இருக்கிற சின்ன பெட்ரோல் காருக்கு இதெல்லாம் தண்டச் செலவு. அந்தக் காசுக்கு ஆயிலையே சீக்கிரம் மாத்திடலாம்.