கோதுமை ஒரு பவுண்டு, கூடவே சோளம் ஒரு பவுண்டு: 1918 அமெரிக்காவின் சிக்கனத்தை யார் சுமந்தார்கள்?

தாழம்பூ:
போன வாரம் விலைவாசி பற்றிய இழையில் ஒருவர், முதல் உலகப் போரின்போது அமெரிக்காவில் ரேஷன் கார்டே இல்லாமல் மக்கள் தாங்களாகவே பார்த்துப் பார்த்து வாங்கி உணவு நுகர்வை 15 சதவீதம் குறைத்தார்கள், அதுதான் முன்மாதிரி என்று எழுதியிருந்தார். அந்த இழை வேறு பக்கம் போய்விட்டது, அதனால் தனியாகத் திறக்கிறேன். எனக்கு அந்தப் பாராட்டு உறுத்துகிறது.

1917 ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கியது. ஆகஸ்டில் உணவு, எரிபொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது, உணவு நிர்வாகத்துக்கு ஹெர்பர்ட் ஹூவர் தலைவரானார். வீடு வீடாக உறுதிமொழி அட்டை கொடுத்து இல்லத்தரசிகளிடம் கையெழுத்து வாங்கினார்கள். செவ்வாய்க்கிழமை இறைச்சி இல்லை, திங்களும் புதனும் கோதுமை இல்லை. இதுவரைக்கும் சரி, விருப்பம் இருந்தால் செய்யலாம். ஆனால் 1918 ஜனவரி இறுதியில் வந்த ஐம்பது-ஐம்பது விதியை யாரும் பேசுவதில்லை. கடையில் ஒரு பவுண்டு கோதுமை மாவு கேட்டால் கூடவே ஒரு பவுண்டு மாற்றுத் தானியம் வாங்கியே ஆக வேண்டும், மக்காச்சோள மாவோ ஓட்ஸோ பார்லியோ அரிசியோ ஏதாவது ஒன்று. எல்லாரும் ஒரே நேரத்தில் அதைத் தேடினால் விலை என்ன ஆகும்? சோள மாவு கோதுமை மாவைவிட மலிவு என்ற பழைய கணக்கே உடைந்துபோனது. கையில் ஒரு வாரத்து மாவுக்கான காசை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு வந்த பெண் இரண்டு மடங்கு எடையை வாங்க வேண்டும், இல்லையென்றால் பாதி மாவோடு திரும்ப வேண்டும். இதற்குப் பெயர் தாங்களாகவே செய்த சிக்கனமா?

கடலோடி:
தாழம்பூ அக்கா, விதியைச் சொன்னீர்கள், அது ஏன் வந்தது என்பதை விட்டுவிட்டீர்கள். 1916, 1917 இரண்டு வருடமும் அமெரிக்கக் கோதுமை விளைச்சல் மோசம். கூட்டாளி நாடுகளான பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி மூன்றும் கோதுமை ரொட்டியை நம்பி இருந்தன. ஆஸ்திரேலியாவில் தானியம் கிடந்தாலும் அவ்வளவு தூரம் போய்வரக் கப்பல் இல்லை, நீர்மூழ்கிகள் மூழ்கடித்துக்கொண்டிருந்தன, அதனால் அட்லாண்டிக்கின் மறு கரையில் இருந்துதான் அனுப்பியாக வேண்டும். சோளத்தை அனுப்பலாமே என்றால் சோள மாவு கப்பலில் சீக்கிரம் கெட்டுப்போகும், ஐரோப்பிய வீடுகளுக்கு அதில் ரொட்டி சுடவும் தெரியாது. ஆக, கெடாத கோதுமையை அனுப்பிவிட்டுச் சோளத்தை உள்ளூரில் சாப்பிடுவது என்ற முடிவு யாரையும் வதைக்க எடுத்தது இல்லை.

ரேஷன் கார்டு போட்டிருந்தால் பத்துக் கோடி பேருக்கு அட்டை அச்சடித்து, சரிபார்த்து, திருட்டைத் தடுத்து முடிப்பதற்குள் போரே முடிந்திருக்கும். பதினெட்டே மாதத்தில் ஏற்றுமதியைப் பல மடங்கு பெருக்கியிருக்கிறார்கள். அதைச் சாதித்தது அடுப்படிகளில் இருந்த பெண்கள்தான். அவர்களைப் பாதிக்கப்பட்டவர்களாக மட்டும் காட்டுவது அவர்களின் உழைப்பைச் சிறுமைப்படுத்துகிற மாதிரி எனக்குப் படுகிறது.

பனையோலை:
இரண்டு பேரும் 1917 ஆகஸ்டில் இருந்து தொடங்குகிறீர்கள். அந்தக் கதை அதே வருடம் பிப்ரவரியில், அமெரிக்கா போரில் இறங்குவதற்கு முன்னாலேயே தொடங்கிவிட்டது. நியூயார்க்கின் புரூக்ளினில் பிரவுன்ஸ்வில் என்று ஒரு பகுதி, பெரும்பாலும் கிழக்கு ஐரோப்பாவில் இருந்து வந்த யூதக் குடும்பங்கள், தையல் வேலைக்குப் போகிறவர்கள். உருளைக்கிழங்கும் வெங்காயமும் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போக, ஒரு நாள் காலையில் விலை கேட்ட பெண்கள் தள்ளுவண்டிகளைக் கவிழ்த்தார்கள், காய்கறிகளில் மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். மறுநாள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நகரமன்றத்துக்கே போனார்கள். அப்புறம் கோழிக்கறி வாங்க மாட்டோம் என்று பகிஷ்காரம், யாராவது வாங்கிக்கொண்டு வந்தால் பையைப் பிடுங்கித் தெருவில் வீசினார்கள். பிலடெல்பியாவிலும் பாஸ்டனிலும் இதே மாதிரி நடந்தது.

எனக்கு இந்த நிகழ்ச்சி முக்கியமாகப் படுவதற்குக் காரணம், சிக்கனமாக வாங்குவது எப்படி என்று அந்தப் பெண்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையே இருக்கவில்லை. எந்த வண்டியில் எந்த நேரத்தில் விலை இறங்கும், சாயங்காலம் மிஞ்சிய மீன் எவ்வளவுக்குக் கிடைக்கும், எந்தக் கடைக்காரர் தராசில் கை வைப்பார், எல்லாம் அத்துபடி. அவர்கள் வாங்க மறுத்ததே ஒரு வகைச் சிக்கனம்தான், தனித்தனியாக இல்லாமல் தெருவே சேர்ந்து செய்த சிக்கனம். சில மாதம் கழித்து ஒரு அட்டையோடு வந்து கதவைத் தட்டி, அம்மா, செவ்வாய்க்கிழமை இறைச்சி வேண்டாம் என்று கேட்டால் அந்த வீட்டில் என்ன நினைத்திருப்பார்கள்? வாரம் முழுக்கவே இறைச்சி இல்லாத வீடு அது.

கடலோடி:
பனையோலை ஐயா சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் அது என் பக்கத்துக்குத்தான் பலம் சேர்க்கிறது. பிப்ரவரியில் கட்டுப்பாடே இல்லை, வியாபாரி சொன்னதுதான் விலை. அதற்குப் பிறகுதான் 1917 விளைச்சலுக்கு, புஷல் என்ற தானிய அளவுக்கு 2 டாலர் 20 சென்ட் என்று கோதுமை விலையைக் கட்டினார்கள், பதுக்கலைக் குற்றமாக்கினார்கள், ஊருக்கு ஊர் நியாய விலைக் குழு போட்டு இன்ன பொருள் இன்ன விலைக்கு மேல் போகக் கூடாது என்று பத்திரிகையில் பட்டியல் வெளியிட்டார்கள். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் கேள்வி கேட்க முடிந்த பெண்ணுக்கும், வண்டியைக் கவிழ்ப்பதைத் தவிர வேறு வழி இல்லாத பெண்ணுக்கும் வித்தியாசம் இருக்கிறது அல்லவா?

இன்னொன்று, வாங்கும் முறையே அந்த வருடங்களில் மாறியது. அதற்கு முன் ஒருவர் மளிகைக் கடைக்குப் போனால் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்க வேண்டும், ஆள் எடுத்துத் தருவார், பற்று எழுதிக்கொள்வார், வீட்டுக்குக் கொண்டுவந்தும் கொடுப்பார். இந்தச் செலவெல்லாம் விலையில்தான் ஏறியிருக்கும். ஏ அண்ட் பி என்ற மளிகைக் கடை நிறுவனம் 1912 முதல் எகானமி கடைகள் திறந்தது. கையில காசு வாயில தோசை என்கிற கணக்குதான், பற்று இல்லை, வீட்டுக்கு அனுப்புவதும் இல்லை, அதற்குப் பதில் விலை குறைவு. 1916 செப்டம்பரில் தெற்கே மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் பிக்லி விக்லி கடையைத் திறந்து, கூடையை எடுத்துக்கொண்டு நீங்களே பொறுக்கிக்கொள்ளலாம் என்றார், ஒவ்வொரு பொருளிலும் விலை எழுதியிருக்கும். தெற்கத்திய ஊர்களில் வெள்ளையருக்குக் கொடுத்து முடித்துவிட்டுத்தான் கறுப்பரைக் கவனிப்பார்கள், நல்ல சரக்கு யாருக்கு என்பதும் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர் கையில் இருந்தது. எழுதிய விலைக்குத் தானே எடுக்கலாம் என்பது அங்கே சின்ன விஷயமா?

தாழம்பூ:
பிக்லி விக்லி பற்றி நீங்கள் சொன்னது நல்ல கருத்து, நான் அந்தக் கோணத்தில் யோசித்ததில்லை. ஆனால் பற்று விஷயத்தில் உங்களோடு எனக்கு உடன்பாடே இல்லை, தம்பி. பற்று என்பதை வெறும் செலவாகப் பார்க்கிறீர்கள். சனிக்கிழமை கூலி வாங்கும் வீட்டில் வியாழக்கிழமை காசு தீர்ந்திருக்கும். கணவருக்கு உடம்பு முடியவில்லை, வேலைநிறுத்தம், மில்லில் ஆள் குறைப்பு என்றால் தெருமுனைக் கடைக்காரரின் கணக்குப் புத்தகம்தான் அந்தக் குடும்பத்தின் காப்பீடு. இரண்டு சென்ட் குறைவு என்று ரொக்கக் கடைக்குப் போய்விட்டு, கஷ்டம் வந்தபோது தெருமுனைக் கடையில் போய் நிற்க முடியுமா?

சிக்கன ஆலோசனை எல்லாமே இப்படித்தான், முதலில் கையில் காசு இருக்க வேண்டும் என்பதில் வந்து நிற்கிறது. மொத்தமாக வாங்கு, பருவத்தில் வாங்கு, வெயில் காலத்திலேயே நிலக்கரியை நிரப்பி வை. நிலக்கரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1917-18 குளிர்காலம் கொடுமையானது, ரயில் பாதைகள் அடைபட்டு, ஜனவரியில் எரிபொருள் நிர்வாகி ஹாரி கார்ஃபீல்டு தொழிற்சாலைகளையே சில நாட்கள் மூடச் சொன்னார். நிலவறை இருக்கிற வீட்டுக்காரர் டன் கணக்கில் வாங்கி இறக்கிக்கொண்டார். நெரிசலான அடுக்குக் குடியிருப்பில் நாலாவது மாடியில் இருப்பவள் வாளியோடு போய் ஒரு வாளி வாங்குவாள், வைக்க இடமும் இல்லை, காசும் இல்லை. வாளிக் கணக்கில் பார்த்தால் ஒரு டன்னுக்கு அவள் கொடுத்த விலை பணக்காரர் கொடுத்ததைவிட மிக அதிகம். இது அவளுக்குக் கணக்குத் தெரியாததால் நடக்கவில்லை.

அரசின் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகம் 1918-19இல் 92 ஊர்களில் சுமார் 12,000 குடும்பங்களிடம் வரவு செலவு விசாரித்தது, சராசரியாக 38 சதவீதம் சாப்பாட்டுக்கே போயிருந்தது, வருமானம் குறையக் குறைய அந்தப் பங்கு இன்னும் ஏறியது. விலைவாசியோ 1914க்கும் 1918க்கும் இடையில் ஏறத்தாழ பாதி கூடியிருந்தது. இதில் 15 சதவீதம் குறைத்தார்கள் என்று ஒரே எண்ணாகச் சொன்னால் விருப்பப்பட்டுக் குறைத்தவர் யார், விலையால் குறைந்தவர் யார் என்று எப்படிப் பிரிப்பது?

நாற்றங்கால்:
நடுவில் ஒரு வார்த்தை. தோட்டத்தை யாரும் சொல்லவில்லையே. சார்லஸ் லாத்ரப் பேக் நடத்திய தேசியப் போர்த் தோட்டக் குழு, காலி மனை, பள்ளி மைதானம், வீட்டுப் பின்புறம் என்று எல்லா இடத்திலும் காய்கறி போடச் சொன்னது, 1918இல் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட தோட்டங்கள் என்று அந்தக் குழு கணக்குக் காட்டியது. நான் தோட்டம் போடுகிறவன், அதனால் சொல்கிறேன், ஒரு சின்னப் பாத்தி தக்காளியும் பீன்ஸும் ஒரு வீட்டுக் கடைச் செலவில் நிஜமாகவே கை வைக்கும். ஜாடியில் அடைத்துப் பக்குவப்படுத்திவிட்டால் குளிர்காலத்துக்கும் ஆகும். ஆனால் தாழம்பூ சொல்கிற அந்த நாலாவது மாடிக்கு மண் கிடையாது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

மார்கரினையும் பாருங்கள். வெண்ணெய்க்கு மலிவான மாற்று, சிக்கனம் என்றால் அதைத்தான் ஊக்குவித்திருக்க வேண்டும். 1902இல் போட்ட சட்டப்படி மஞ்சள் நிறமூட்டிய மார்கரினுக்குப் பவுண்டுக்கு 10 சென்ட் வரி, நிறமில்லாததற்குக் கால் சென்ட். அதனால் வெள்ளையாக வாங்கிவந்து வீட்டில் நிறப்பொடியைப் போட்டுப் பிசைவார்கள். போர் நடக்கும்போதும் அந்த வரி போகவில்லை. பால் பண்ணைக்காரர்களின் பலம் அப்படி.

கடலோடி:
மார்கரின் வரியை நானும் ஆதரிக்க மாட்டேன். ஆனால் எல்லாச் சுமையும் ஏழை மேல்தான் விழுந்தது என்பதையும் ஏற்க முடியாது. போரில் இறங்கிய சமயத்தில் வணிகச் சிக்கன வாரியம் என்று ஒன்று அமைத்துக் கடைகளிடம், ஒரு நாளைக்கு ஒரு முறைக்கு மேல் வீட்டுக்குச் சரக்கு அனுப்பாதீர்கள், பிடிக்கவில்லை என்று திருப்பித் தருவதற்கு மூன்று நாள் மட்டும் கொடுங்கள் என்றார்கள். தொலைபேசியில் கூப்பிட்டு ஒரு நூல்கண்டுக்கு ஒரு வண்டி வரவழைத்த வீடுகள்தான் அதில் மாற வேண்டியிருந்தது. சர்க்கரையிலும் 1918 ஆகஸ்டில் தலைக்கு மாதம் இரண்டு பவுண்டு என்றார்கள், வீட்டில் கேக் செய்து விருந்து வைத்தவர்களுக்கும் அதே இரண்டு பவுண்டுதான்.

தாழம்பூ:
சர்க்கரையை நீங்களே எடுத்தது நல்லது. தலைக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்தால் அது ரேஷன்தான், பெயர் வேறு. அந்த இடத்தில் அது நியாயமாகவும் இருந்தது, நான் அதைத்தான் கேட்கிறேன். கோதுமையில் ஏன் தலைக்கு இவ்வளவு என்று வைக்காமல் வாங்குகிற அளவுக்குச் சமமாக இன்னொன்று என்று வைத்தார்கள்? முதல் முறையில் காசுள்ளவரும் இல்லாதவரும் ஒரே அளவில் நிற்கிறார்கள். இரண்டாவதில் காசுள்ளவர் பத்துப் பவுண்டு ஓட்ஸை வாங்கி மூலையில் போட்டுவிட்டு முழுக் கோதுமையும் சாப்பிடலாம்.

பனையோலை:
போர்ச் செலவுக்காக அரசு விற்ற சேமிப்பு முத்திரையையும் இதே வரிசையில் வைக்க வேண்டும். 1918இல் 25 சென்ட் முத்திரை, பதினாறு ஒட்டினால் 4 டாலர், கூட ஜனவரியில் 12 சென்ட் சேர்த்துக் கொடுத்தால் 1923 ஜனவரி முதல் தேதி 5 டாலராகத் திரும்பும் ஒரு பத்திரம். கடையில் மிச்சம் பிடித்த காசை இதில் போடு என்று பள்ளிப் பிள்ளைகள் வரை சொல்லிக்கொடுத்தார்கள். 1920க்குள் விலைவாசி 1914இல் இருந்ததைப்போல இரண்டு மடங்கு. அவசரத்துக்கு நடுவிலேயே பணமாக்கியவர்கள் என்ன வாங்கியிருப்பார்கள்? 1923 வரை பொறுத்தவர்களுக்கும் வட்டியின் பெரும்பகுதியை விலை ஏற்றம் தின்றுவிட்டது. அந்த 25 சென்ட்டுக்கு நிலக்கரி வாங்கியிருக்கலாம்.

கடலோடி:
முத்திரை விஷயத்தில் அன்றைக்கு யாருக்கும் 1920 தெரியாது ஐயா. அக்கா கேட்ட கேள்விக்குத்தான் எனக்கு நேர் பதில் இல்லை, யோசித்துவிட்டு எழுதுகிறேன். ஐம்பது-ஐம்பது விதியைச் சில்லறைக் கடையில் வைத்தது தவறு என்று நானும் வந்துவிட்டேன். பேக்கரிகளுக்கு அதே சமயத்தில் வேறு விதி இருந்தது, வெற்றி ரொட்டி என்ற பெயரில் 20 சதவீதம் மாற்று மாவு கலந்தே சுட வேண்டும். கலப்பது அங்கேயே முடிந்துவிடுகிறது, வாங்குகிறவர் ஒரு ரொட்டி வேண்டுமென்றால் ஒரே ஒரு ரொட்டிக்குத்தான் காசு கொடுப்பார். அதை மட்டும் வைத்துக்கொண்டு, மாவு மில்லிலேயே கலக்கச் சொல்லியிருந்தால் போதும். செப்டம்பரில் கடை விதியைத் தளர்த்தி, நாலு பங்கு கோதுமை மாவுக்கு ஒரு பங்கு மாற்று என்று குறைத்தபோது அவர்களுக்கும் அது புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

தாழம்பூ:
மில்லில் கலப்பது சரி. பேக்கரி விதி மட்டும் போதாது தம்பி, தெற்கிலும் கிராமப்புறங்களிலும் கடை ரொட்டி வாங்கும் வழக்கமே குறைவு, வீட்டில்தான் சுடுவார்கள். அவர்களுக்கு மாவு எந்தக் கணக்கில் போயிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?