மறு: ‘சிங்கிள் ஸ்பீட்’ சைக்கிளுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பின் நண்பர்களுக்கு,

> “ஒற்றை வேக மிதிவண்டி” என்றே வைத்துக்கொள்ளலாமே? எல்லாருக்கும் விளங்கும்.

விளங்கும், ஆனால் பிழையாக விளங்கும். போன மாதம் என் பழைய 18 கியர் சைக்கிளை ஒரே கியர் மட்டும் உள்ள ‘சிங்கிள் ஸ்பீட்’ ஆக மாற்றினேன். இப்போது முன்னால் பெடலோடு சுற்றும் பற்சில்லில் 38 பல், பின்னால் உள்ளதில் 18 பல். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சில்லு இரண்டு சுற்றுக்குக் கொஞ்சம் கூடச் சுற்றும். 26 அங்குலச் சில்லுக்கு அது ஏறத்தாழ 4.4 மீற்றர் தூரம். நிமிடத்துக்கு 60 தரம் மிதித்தால் மணிக்கு 16 கிலோமீற்றர் அளவில் போகிறேன், 80 தரம் மிதித்தால் 21. கச்சான் காற்று எதிரே வீசும் நாளில் அதுவும் குறைந்துவிடும். வேகம் எங்கே ஒன்றாக இருக்கிறது? மாறாமல் இருப்பது 38க்கு 18 என்ற விகிதம் மட்டும்தான்.

‘கியர் இல்லாத சைக்கிள்’ என்று எங்கள் பக்கம் சொல்வதும் இதே காரணத்தால் கலைச்சொல்லாக நிற்காது. அந்த விகிதமே ஒரு கியர்தானே.

> அப்படியானால் “ஒற்றைப் பல்லிணை வண்டி”?

இது கிட்ட வந்துவிட்டது. கியருக்குப் பல்லிணை என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. எனக்கு அது பிடித்த சொல். ஆனால் பல்லாண்டு, பல்லாயிரம் என்று வாசித்துப் பழகிய கண்ணுக்குப் பல்லிணை என்றதும் ‘பல இணைகள்’ என்றும் படும். பல்லினச் சமூகம் என்ற சொல்லை நாள்தோறும் கேட்கும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இது இன்னும் கூடுதலாக நடக்கும். அதற்கு முன்னால் ‘ஒற்றை’யைப் போட்டால் ஒன்றா, பலவா என்று வாசிப்பவர் தடுமாறுவார். ‘ஒற்றை’யிலும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. ஒற்றைச் செருப்பு என்றால் சோடியை இழந்த செருப்பு. இங்கே சோடி இழக்கப்படவில்லை. ஒரு சோடிதான் மிஞ்சி நிற்கிறது.

இந்தச் சோடி என்ற எண்ணம் எனக்குச் சைக்கிள் கடையில்தான் கிடைத்தது. மட்டக்களப்பின் கல்லடியில் வண்டியை மாற்றித் தந்த கடைக்காரர், முன்னால் இருந்த மூன்று பற்சில்லையும் பின்னால் இருந்த ஆறையும் பார்த்துவிட்டு, “ஒரு சோடிப் பல்லு காணும் மனே, மத்ததெல்லாம் சும்மா பாரம்” என்றார். முன்பற்சில்லு ஒன்று, பின்பற்சில்லு ஒன்று, இரண்டையும் சேர்க்கும் சங்கிலி. பொருளே அதுதான். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை என்று சூரியனைப் பார்த்துப் பெயர் வைத்த ஊரில், அவரும் கண்ணில் பட்டதைத்தான் சொன்னார்.

ஆகவே என் முன்மொழிவு: ஓரிணை. ஓரிணை வண்டி, ஓரிணையாக்கம், ஓரிணையாக்குதல். எதிர்ச்சொல் பல்லிணை வண்டி. இப்போது ‘பல இணைகள்’ என்று படித்தாலும் சரி, ‘பற்களின் இணை’ என்று படித்தாலும் சரி, இரண்டும் பொருந்திவிடுகின்றன. பேச்சில் ‘ஒரு சோடிச் சைக்கிள்’ என்றால் எந்தக் கடையிலும் விளங்கிக்கொள்வார்கள்.

> பெடல் சில்லோடு சேர்ந்தே சுற்றும் வண்டிக்கும் இதே சொல்லா?

அதுவும் ஓரிணைதான், ஆனால் அதில் ஒரு வகை. அதில் மிதிப்பதை நிறுத்த முடியாது, சில்லு ஓடும்வரை காலும் ஓடவேண்டும். அதை ‘பிணைந்த ஓரிணை’ என்று பிரிக்கலாம். என்னுடையதில், மிதிப்பதை நிறுத்தினாலும் சில்லை ஓடவிடும் பின்பற்சில்லான பிறீவீல் இருக்கிறது. அந்தச் சொல்லை மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து. சாதா சைக்கிளுக்குப் போடும் 18 பல் பிறீவீலைத்தான் பழைய ஆறு பற்சில்லு அடுக்கைக் கழற்றிய இடத்தில் திருகினோம். கடையில் அதைப் ‘பிறீவீல்’ என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள்.

இன்னும் இரண்டு சொற்கள் வேண்டும். முன்பல்லும் பின்பல்லும் ஒரே கோட்டில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் சங்கிலி கோணலாக ஓடிச் சத்தம் போடும், தேயும், கழன்றும் விழும். புதிய பிறீவீல் சில்லின் நடுப்பக்கமாக உட்கார்ந்ததால் முன்னால் 48 பல், 28 பல் சில்லுகளைக் கழற்றி, நடுவில் இருந்த 38ஐ வைத்துக்கொண்டோம். மிச்சக் கோணலைக் கடைக்காரர் வாசர் என்ற தட்டை வளையம் வைத்து நிமிர்த்தினார். இந்தக் கோட்டுக்குச் சங்கிலி நேர் என்று சொல்லலாமா? ‘நேர் பார்த்தியா?’ என்று கேட்கவும் வாயில் வருகிறது.

மற்றது, சங்கிலித் தொய்வை எடுக்கும் சிறு கருவி. வண்டிச் சட்டத்தில் பின்சில்லின் அச்சு உட்காரும் வெட்டு நீளவாட்டில் இருந்தால் சில்லைப் பின்னுக்கு இழுத்தே சங்கிலியை இறுக்கலாம். என் வண்டி அப்படித்தான். வெட்டு நிலைக்குத்தாக உள்ள வண்டிகளுக்கு அந்தக் கருவி வேண்டும். ‘இழுவிசையாக்கி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்குத் தொய்வுவாங்கி எளிதாகப் படுகிறது. இடிதாங்கி, சுமைதாங்கி மாதிரி, கேட்டவுடன் அதன் வேலை தெரிகிறது.

1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை வகித்த தமிழறிஞர் விபுலாநந்த அடிகள் எங்கள் கிழக்கிலங்கையின் காரைதீவில் பிறந்தவர். அவருடைய சமாதி கல்லடி உப்போடையில் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் இருந்துகொண்டு ‘ஒற்றை வேகம்’ என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. ஓரிணைக்கு மறுப்பு இருந்தால் எழுதுங்கள், அதைவிடப் பொருத்தமான சொல் வந்தால் இதை விட்டுவிடுகிறேன். தொய்வுவாங்கி பற்றிக் கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்து நண்பர்கள் உங்கள் கடைகளில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுச் சொன்னால் பெரிய உதவி.

அன்புடன்,
கல்லடியிலிருந்து