பாட்டி ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதை வீடியோ எடுக்கிறேன், முகம் இருட்டாகவே வருகிறது. எதை முதலில் கற்றுக்கொள்வது?

சிப்புட் மாணவி:

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. நான் மலேசியா, பேராக்கில் இருக்கும் சுங்கை சிப்புட். ஈப்போவில் டிப்ளோமா முதலாண்டு படிக்கிறேன். புகைப்படம், எடிட்டிங், வீடியோ மூன்றும் ஒரே பருவத்தில் ஓடுவதால் எதிலும் கால் ஊன்றவில்லை. இறுதி வேலையாகச் சொந்த ஊரைப் பற்றி 3 நிமிட வீடியோவும் 12 படங்களும் கொடுக்க வேண்டும். எங்கள் பக்கம் எங்கு திரும்பினாலும் செம்பனை என்கிற எண்ணெய்ப்பனைதான், ஆனால் பாட்டி மட்டும் மாமாவின் சின்ன ரப்பர்த் தோட்டத்தில் இன்னும் பால் வெட்டுகிறார், அதையே எடுக்கலாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

கையில் இருப்பது பழையதாக வாங்கிய ஏ.பி.எஸ்.சி (நடுத்தர அளவு சென்சார்) கேமரா, அதோடு வந்த 18-55 எம்எம் லென்ஸ், என் ஃபோன், 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப். பாட்டி விடிவதற்கு முன்பே நெற்றி விளக்கோடு போய்விடுவார், அந்த நேரத்தில் எடுத்தால் எல்லாம் புள்ளி புள்ளியாக வருகிறது. விடிந்தபின் எடுத்தால் இலைக்கு நடுவே வானம் வெள்ளையாக வெடித்து, பாட்டியின் முகம் இருட்டாகிவிடுகிறது. கோயில் மண்டபத்தில் எடுத்த வீடியோவில் கோடு கோடாக ஏதோ மேலிருந்து கீழே ஓடுகிறது. ஃபோனில் எடுத்ததை எடிட் செய்தால் போகப் போகப் பேச்சும் வாயசைவும் விலகிவிடுகிறது. சேமிப்பு 500 ரிங்கிட். தோழி லென்ஸ் வாங்கு என்கிறாள், அண்ணன் முதலில் ரேமைக் கூட்டு என்கிறான், விரிவுரையாளர் இரண்டும் வேண்டாம், காட்சியமைப்பைப் படி என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கல்யாண ஃபோட்டோக்காரன்:

தங்கச்சி, மண்டபத்தில் கோடு ஓடுவதற்கு உன் கேமராவைத் திட்டாதே. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் டியூப் லைட்டும் மலிவான எல்.இ.டி.யும் விநாடிக்கு 100 தடவை கூடிக் குறைகின்றன. ஷட்டரை, அதாவது ஒரு ஃபிரேமுக்கு ஒளி விழும் நேரத்தை, 1/50 அல்லது 1/100 விநாடி என்று வைத்தால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரே அளவு வெளிச்சம் கிடைத்து கோடு மறைந்துவிடும். யூடியூபில் நீ பார்க்கிறவர் அமெரிக்காக்காரராக இருந்தால் 1/60 என்பார், அங்கே 60 ஹெர்ட்ஸ், அவருக்கு அது சரி. நீ விநாடிக்கு 25 ஃபிரேம், 1/50 ஷட்டர் என்று வைத்துக்கொள், அசைவும் கண்ணுக்கு இயல்பாக இருக்கும். கலர் கலராக மினுக்கும் சில மேடை விளக்குகள் மட்டும் இதற்கும் அடங்காது, அங்கே ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பார்ப்பதுதான் வழி.

அடுத்து முகம். இதை எங்கள் தொழிலிலேயே பலர் தப்பாகச் செய்கிறார்கள், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். ஒளியை அளக்கும் கேமரா மீட்டருக்கு முன்னால் நிற்பது பாட்டியா வேப்பமரமா என்று தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். பின்னால் வெள்ளை வானம் இருந்தால் மொத்தத்தையும் குறைக்கும், முகம் இருண்டுவிடும். அப்போது வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1 பக்கம் தள்ளு, இல்லையென்றால் ஒரே இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரிங்கில் கன்னத்தைப் பார்த்து அளவெடு. அதே பாட்டியின் முகம் ஃபிரேம் முழுக்க நிறைந்தால் நேர்மாறாக நடக்கும், நம் கருத்த தோலை மீட்டர் இழுத்து வெளிறச் செய்து சாம்பல் பூசியது போல் ஆக்கிவிடும், அங்கேயும் கன்னத்தை மட்டும் அளக்கும்போதும் முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) குறைத்து வை. ஃபோனில் பியூட்டி மோடை அணைத்துவிடு. கல்யாண ஆல்பங்களில் பெண்ணை மாவில் புரட்டி எடுத்த மாதிரி வெளுக்கவைக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது, வாடிக்கையாளரே கேட்கிறார் என்று நாங்களும் செய்து தொலைக்கிறோம், உனக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

படத்தை ரா ஃபைலாக, அதாவது கேமரா கைவைக்காத மூலப் பதிவாக எடு. சாதாரண ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். 14 பிட் ரா என்றால் 16,384 படிகள், இருண்ட முகத்தை எடிட்டிங்கில் தூக்கினாலும் தாங்கும். இலைக்கூரைக்குக் கீழே எல்லாமே பச்சை அடிக்கும், வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் வெண்சமநிலையைக் கையால் வை. வெள்ளை வேட்டியைக் காட்டி வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள், நீலம் போட்ட வேட்டி வெள்ளையே கிடையாது, கடையில் சாம்பல் அட்டை கேட்டு வாங்கு.

வெட்டி ஒட்டுறவன்:

பேச்சு விலகுவது எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம். ஃபோன் வெளிச்சத்துக்கு ஏற்ப ஃபிரேம் வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே எடுக்கும், எடிட்டிங் மென்பொருளோ ஒரே வேகம் என்று நம்பிக் கணக்குப் போடும், அதனால் நிமிடம் போகப் போக இடைவெளி வளர்கிறது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு, கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட் 25 என்று மாற்றியபின் டைம்லைனில் வை. பேசும் காட்சிகளைக் கேமராவிலேயே எடுத்தால் இந்தத் தலைவலியே வராது.

ரேம் வாங்க அவசரப்படாதே. எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு 4கே யு.எச்.டி தெளிவு வரை வெளியிட விடும், ஆனால் 8 ஜிபியில் மூச்சுத் திணறும், கேடென்லைவ் அதைவிட இலகு. இரண்டிலும் பிராக்ஸி வசதி இருக்கிறது, அதாவது சின்ன நகலை வைத்து வெட்டிவிட்டு வெளியிடும்போது மூலக் கோப்புக்குத் திரும்புவது. முதலில் 1080இல் எடு, 3 நிமிட வேலைக்கு யாரும் 4கே கேட்கப் போவதில்லை. ரா படங்களைத் திருத்த டார்க்டேபிள் போதும், அதுவும் இலவசம்.

வெட்டுவதில் ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒவ்வொரு ஷாட்டையும் கை அசையாமல் பத்து விநாடி பிடி. புதிதாக எடுப்பவர்கள் மூன்றாவது விநாடியிலேயே வேறு பக்கம் திரும்பிவிடுகிறார்கள், அதை வாங்கி எடிட் செய்கிறவன்தான் அழ வேண்டும்.

பெரட்டுக்களம்:

நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள், பிறகுதான் கேமரா பிடித்தேன். மேலே இருவரும் சொன்னது சரி, ஆனால் கருவியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள், பாட்டியைக் காணோம்.

ஒரு காலை கேமரா இல்லாமல் பாட்டி பின்னாலேயே போய் வா மா. பால் வெட்டுவதில் ஒரு வரிசை இருக்கிறது, அதுதான் உன் திரைக்கதை. மரத்தில் முன்பு வெட்டிய கோட்டில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை உரித்து எடுப்பது, மங்கு என்கிற பால் கிண்ணத்தைத் துடைப்பது, கத்தி பட்டையைச் சீவுவது, முதல் சொட்டு கோட்டில் இறங்குவது, அடுத்த மரம். அந்தக் கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் ஏறக்குறைய 30 பாகை சரிந்து இறங்கும். மரத்தை நேராகப் பிடித்தால் அந்தச் சரிவே பார்க்கிறவர் கண்ணை மங்குக்கு இறக்கிவிடும், விரிவுரையாளர் வகுப்பில் சொல்லும் வழிநடத்தும் கோடு என்பது உன் வீட்டு மரத்திலேயே வெட்டி வைத்திருக்கிறது. நிரையை, அதாவது மர வரிசையை, அகலமாக ஒன்று, பாட்டியை இடுப்பளவில் ஒன்று, விரலையும் கத்தியையும் நெருக்கமாக ஒன்று என்று எடு. கேமராவைப் பாட்டிக்கு ஒரே பக்கத்தில் வைத்துக்கொள், மறுபக்கம் தாவினால் வலமாக நடந்தவர் அடுத்த ஷாட்டில் திரும்பி வருவது போலத் தெரியும்.

நேரத்தைப் பற்றி. விடியற்காலைப் பொன்னொளிக்கு ஐந்து மணிக்கே எழ வேண்டும் என்று வெளிநாட்டுக்காரர்கள் எழுதுவதை நம்பாதே. தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை 1982 ஜனவரி 1 அன்று அரை மணி நேரம் முன்னே தள்ளி, போர்னியோ பக்கத்து மாநிலங்களான சபா சரவாக் நேரத்தோடு சேர்த்துவிட்டார்கள், அதனால் நமக்குச் சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் எழுகிறது, சில மாதங்களில் ஏழரை ஆகிவிடும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் நேர்குத்தாக ஏறிவிடும், நல்ல ஒளி சீக்கிரம் தீர்ந்துவிடும். பாட்டிக்கோ குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும், அதனால் அவர் உனக்காகக் காத்திருக்க மாட்டார். இருட்டில் நெற்றி விளக்கை எதிரியாக நினைக்காதே. விளக்கு விழும் பட்டைக்கு மட்டும் எக்ஸ்போஷரை வைத்து மற்றதெல்லாம் கருப்பாகப் போகட்டும் என்று விட்டுவிடு. புள்ளிகள் குறையும், படமும் உண்மையாக இருக்கும்.

இருக்கும் பணத்துக்கு என்னைக் கேட்டால் லென்ஸ்தான். உன் லென்ஸ் 55 எம்எம் முனையில் எஃப் 5.6 வரைதான் திறக்கும் (இந்த எண் குறையக் குறைய ஒளி கூடும்), எஃப் 1.8 லென்ஸ் அதைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு ஒளி வாங்கும். ஆனால் உன் கேமராவில் 50 எம்எம் ரொம்ப நெருக்கிக் காட்டும், நிரைக்குள் பின்னால் நகர இடமிருக்காது, பழைய 35 எம்எம் கிடைக்குமா பார். வாங்கும்போது டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பார், நம் ஊர் ஈரத்தில் பழைய லென்ஸ் பாதிக்கு மேல் அதோடுதான் வரும் என்பது என் அனுபவம். வீட்டில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வை.

பக்கத்துச் செம்பனைத் தோட்டத்திலும் எடுப்பதாக இருந்தால் ஆபீசில் கேட்டுவிட்டுப் போ. நம்மாள்தானே என்று நுழையாதே.

சிப்புட் மாணவி:

எல்லோருக்கும் நன்றி. 12 படங்களுக்கு எனக்கு இன்னொரு யோசனை, கோலக்கங்சாரில் 1877இல் நட்டதாகச் சொல்லும் பழைய ரப்பர் மரத்தையும் முதல் படமாகச் சேர்க்கலாமா? அப்புறம் பாட்டி வேலை செய்துகொண்டே பேசுவார், அந்தக் குரலை எப்படிப் பதிவது? மைக் வாங்கினால் லென்ஸுக்குப் பணம் பத்தாது.

பெரட்டுக்களம்:

அந்த மரம் இப்போது வேலிக்குள் பலகையோடு நிற்கிறது, சுற்றுலாப் படமாகத்தான் வரும். சேர்ப்பதானால் கடைசியில் வை, முதல் படம் பாட்டியின் கையாக இருக்கட்டும்.

வெட்டி ஒட்டுறவன்:

மைக் வேண்டாம். உன் ஃபோனில் ரெக்கார்டரைப் போட்டு பாட்டியின் சட்டைப் பையிலோ முந்தானை முடிச்சிலோ மார்புக்குப் பக்கத்தில் வை, ஃபிளைட் மோட் மறக்காதே. கேமராவை ஓடவிட்டு எல்லாம் தொடங்கியபின் ஒரு தடவை கை தட்டு, எடிட்டிங்கில் அந்தச் சத்தத்தையும் கை சேரும் ஃபிரேமையும் ஒட்டவைத்தால் பேச்சு பொருந்திவிடும். கத்தி சீவும் சத்தத்தைத் தனியாக ஒரு நிமிடம் எடுத்து வை, வெட்டும் இடமெல்லாம் அதைப் போட்டு மறைக்கலாம்.